ராஜா மதம் மாறினால் ஊர் மாறுமா?

கேள்வி இது: "எட்டாம் ஹென்றி இன்னொரு கல்யாணம் செய்துகொள்வதற்காக இங்கிலாந்தின் மதத்தையே மாற்றினான் என்று பள்ளியில் படித்தோம். ராஜா மாறியது சரி, சாதாரண ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஒரே உத்தரவில் எல்லாரும் புராட்டஸ்டன்ட் ஆகிவிட்டார்களா? எதிர்க்கவில்லையா? நம்பித்தான் மாறினார்களா?"

ஹென்றி கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 1509இல் காதரீனை மணந்தான். ஆண் வாரிசு தங்கவில்லை. ஆன் பொலினைக் கட்டிக்கொள்ள ரோமாபுரி வழிவிடவில்லை. 1534இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவன் தானே என்று ஆக்கிக்கொண்டான். அத்தோடு பாப்பரசர் போனார், ஆனால் கத்தோலிக்கரின் முக்கிய வழிபாடான பூசை போகவில்லை. லத்தீன் போகவில்லை. குருக்களுக்குக் கல்யாணம் கூடாது என்ற விதியும் போகவில்லை. 1540 ஜூலை 30 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் ஆறு பேரை ஒரே நாளில் கொன்றார்கள். மூன்று பேர் அரசனைத் திருச்சபைத் தலைவனாக ஏற்காத கத்தோலிக்கர்கள், அவர்களுக்கு ராஜத்துரோகத் தண்டனை. மற்ற மூன்று பேர் சீர்திருத்தப் போதகர்கள், அவர்களுக்குத் தீ. அன்று வேடிக்கை பார்க்க நின்ற ஒருவனைப் பிடித்து "உங்கள் நாட்டில் இப்போது என்ன மதம்?" என்று கேட்டிருந்தால் விழித்திருப்பான்.

அதனால் "ஒரே உத்தரவில்" என்பதை முதலில் விட்டுவிடுங்கள். மாற்றம் ஒன்றல்ல. ஹென்றி பாப்பரசரை வெட்டிவிட்டான். 1547இல் பட்டத்துக்கு வந்த அவன் மகன் ஆறாம் எட்வர்டுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் பேரில் ஆண்டவர்கள் பூசையையே ஒழித்தார்கள். 1553இல் வந்த அவன் அக்கா மேரி எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்தாள், ஏற்காதவர்களில் 280 பேருக்கு மேல் எரித்தாள். 1559இல் எலிசபெத் மறுபடி திருப்பினாள். 1530இல் பிறந்த ஒருத்தி முப்பது வயதைத் தொடுவதற்குள் தன் ஊர்க் கோயில் நான்கு தடவை புரட்டப்படுவதைப் பார்த்திருப்பாள்.

அவள் என்ன நினைத்தாள் என்பது எப்படித் தெரியும்? அவள் நாட்குறிப்பு எழுதவில்லை, எழுதப் படிக்கவே தெரிந்திருக்காது. இந்தக் காலத்தைப் படிக்கிறவர்கள் பெரிதும் நம்பியிருப்பது மூன்று வகைக் காகிதங்களை: உயில்கள், திருச்சபை நீதிமன்றப் பதிவுகள், ஊர்க் கோயில்களின் வரவுசெலவுக் கணக்குகள். உயிலில் ஒரு வம்பு உண்டு. "என் ஆன்மாவைச் சர்வேசுரனுக்கும் தேவமாதாவுக்கும் சகல புனிதர்களுக்கும் ஒப்படைக்கிறேன்" என்று தொடங்கினால் கத்தோலிக்கர், "கிறிஸ்துவின் பாடுகளால் மட்டுமே மீட்படைவேன்" என்று தொடங்கினால் புராட்டஸ்டன்ட் என்று எண்ணிக் கணக்குப் போட்டவர்கள் உண்டு. ஆனால் சாகக் கிடக்கிறவன் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அந்த முதல் வரியை எழுதியது பெரும்பாலும் ஊர்க் குருவோ எழுத்தரோதான். வார்த்தை அவருடையது. கோயில் கணக்கு அப்படியல்ல. காசு எங்கே போனது என்று அது சொல்லிவிடும்.

அப்படி ஒரு கணக்கு, உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத மாதிரி, ஒரு குக்கிராமத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. என் பதிலின் பெரும்பகுதியை அந்த ஊருக்கே கொடுக்கப்போகிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டம். அதன் வடக்கு ஓரத்தில் எக்ஸ்மூர் என்ற கரட்டு மேட்டுநிலம். அதன் சரிவில் மோர்பாத். மொத்தம் 33 குடும்பங்கள், ஏறத்தாழ 150 பேர். ஆடு வளர்ப்பும் கொஞ்சம் விவசாயமும்தான் பிழைப்பு. 1520இல் கிறிஸ்டோபர் ட்ரிக்கி என்ற இளம் குருவானவர் அந்த ஊருக்கு வந்தார். 1574இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். 54 வருஷம், நான்கு ஆட்சிகள், ஒரே குரு. கோயில் கணக்கை அவரே எழுதினார். வருஷா வருஷம் ஊரைக் கூட்டி உரக்கப் படித்தும் காட்டினார். அதனால் அந்த ஏடுகளில் வெறும் எண்கள் இல்லை, அவர் பேச்சே கேட்கிறது. கோபம், பெருமை, நக்கல் எல்லாம் இருக்கிறது.

கோயிலுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? ஆடுகளிலிருந்து. கோயிலில் பல தனித்தனி நிதிகள் இருந்தன. தேவமாதா நிதி, அந்தோனியார் நிதி, வாலிபர் நிதி, கன்னிப்பெண்கள் நிதி, இறந்தோருக்காக எரியும் விளக்கு நிதி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர், தனிக் கணக்கு. இவற்றில் சிலவற்றுக்குச் சொந்தமாக ஆடுகளும் இருந்தன. கோயில் ஆடுகளை ஊர்க்காரர்கள் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்தார்கள். இன்னார் வீட்டில் மாதாவின் ஆடு இத்தனை, இன்னார் வீட்டில் இத்தனை என்று கணக்கு. கம்பளி விற்ற காசில் அந்தந்தப் புனிதரின் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. ஆடு செத்தால் அதுவும் கணக்கில் வரும். இதுபோக வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை "சர்ச் ஏல்" நடக்கும். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் பார்லி மது காய்ச்சி, சுற்று வட்டாரத்தையே அழைத்து, குடித்து ஆடி, வந்த காசைக் கோயில் பெட்டியில் போடுவார்கள். பக்தியையும் கொண்டாட்டத்தையும் கணக்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்காது.

ட்ரிக்கி வந்ததும் செய்த முதல் காரியம், சிட்வெல் என்ற புனிதையின் சுரூபம் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்தது. சிட்வெல் அந்த வட்டாரத்துக்காரி, எக்ஸிடர் நகரத்துக் கன்னி. புல்லறுக்க வந்த ஆட்கள் அரிவாளால் தலையை வெட்டிக் கொன்றார்கள் என்பது ஐதிகம். குரு கொண்டுவந்த இந்தப் பக்தியை ஊர் மெல்ல மெல்லத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பெண்கள் சாகும்போது செபமாலையையும் மோதிரத்தையும் சிட்வெல்லுக்கு எழுதிவைத்தார்கள். பிறந்த குழந்தைகளுக்கு அவள் பெயர் வைத்தார்கள். சுரூபத்துக்கு வெள்ளியில் ஒரு காலணிகூட இருந்தது.

இது எப்படித் தெரியும் என்றால், அதைத் திருடன் கொண்டுபோய்விட்டான். 1534இல், லண்டனில் ஹென்றி திருச்சபைத் தலைவன் ஆன அதே வருஷத்தில், மோர்பாத் கோயிலில் களவு போனது. ட்ரிக்கி அதை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். திருடன் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினானாம். ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டு, கோபுர ஜன்னலுக்குச் சாத்தி, ஜன்னலை உடைத்து மணிகள் தொங்கும் இடத்தில் இறங்கினானாம். அங்கிருந்து கீழே கோயிலுக்குள் வந்து, சக்கிமுக்கியைத் தட்டி வெளிச்சம் உண்டாக்கினானாம். அதற்குச் சாட்சி, அவன் விட்டுப்போன இரும்பும் கல்லும். பெட்டியை உடைத்து சிட்வெல்லின் வெள்ளிக் காலணியையும் ஒரு பூசைப் பாத்திரத்தையும் எடுத்தான், வேறொன்றையும் தொடவில்லை. பிறகு ஊர் வாலிபர்களும் கன்னிப்பெண்களும் கூடிப் பேசி, தங்களுக்குள் வசூல் செய்து, ஊருக்கு ஒரு பென்னி செலவு வைக்காமல் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். நாட்டின் தலைவிதியை மாற்றிய சட்டம் வந்த வருஷத்தில் அந்த ஊருக்குச் செய்தி இந்தக் களவுதான். 1530களில் அவர்களை ஆட்டிவைத்த இன்னொரு பெரிய சண்டை, கோயில் எழுத்தருக்கு யார் எவ்வளவு சம்பளம் தருவது என்பது. அது வருஷக்கணக்கில் இழுத்தது. பாப்பரசர் யார் என்பதைவிட அது அவர்களுக்குப் பெரிய விஷயம், அதில் தப்பும் இல்லை.

மாற்றம் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தது 1538இல். ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் கிராம்வெல் அரசன் பேரில் உத்தரவு அனுப்பினார்: சுரூபங்களுக்கு முன்னால் விளக்கு எரியக்கூடாது. கோயிலுக்கு ஓர் ஆங்கில வேதாகமம் வாங்கி வைக்க வேண்டும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இதில் பதிவேடுதான் அப்போது பீதியைக் கிளப்பியது. தலைக்கு வரி போடத்தான் ஆள் எண்ணுகிறார்கள் என்று பல ஊர்களில் வதந்தி. விளக்கு விஷயம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் மாதாவின் ஆடுகள் இருப்பது மாதாவின் விளக்குக்காக. விளக்கை அணைத்துவிட்டால் ஆடு எதற்கு? நிதி எதற்கு? வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் கோயிலில் தனியாகப் பொறுப்பு எதற்கு? சாதாரண மக்களுக்கு இந்தச் சீர்திருத்தம் இறையியலாக வரவில்லை. தங்கள் கையில் இருந்த ஒவ்வொரு வேலையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுவதாகவே வந்தது.

அடுத்து செத்தவர்கள். இதைத்தான் எல்லாவற்றிலும் ஆழமான வெட்டு என்று நான் நினைக்கிறேன். செத்தவனின் ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகிறது, உயிரோடிருப்பவர்களின் பூசையும் செபமும் அதன் வேதனையைக் குறைக்கும் என்பது பழைய நம்பிக்கை. கோயிலுக்குக் கரண்டி கொடுத்தவன் பெயர்கூடச் செத்தோர் பட்டியலில் ஏறும், வருஷா வருஷம் உரக்க வாசிக்கப்படும். ட்ரிக்கிக்கு ஓர் ஆசை இருந்தது. இறந்தோர் பூசைக்கு நல்ல கறுப்பு உடுப்பு ஒரு தொகுதி வாங்க வேண்டும். தனக்கு வரவேண்டிய சில வருமானங்களை விட்டுக்கொடுத்தார், மற்றவர்கள் கொடுத்த சில்லறையைச் சேர்த்தார். ஏறக்குறைய 20 வருஷம் சேர்த்தார். 1547இல் உடுப்பு வந்தது.

அதே வருஷம்தான் எட்வர்டின் ஆட்சி தொடங்கியது. இறந்தோருக்காகப் பூசை வைக்கும் அறக்கட்டளைகள் எல்லாம் மூடநம்பிக்கை என்று சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொண்டது. உத்தரிக்கிற ஸ்தலம் என்ற இடமே இல்லை என்றார்கள். அந்தக் கறுப்பு உடுப்புக்குக் காரியமே இல்லாமல் போனது. நேற்றுவரை அம்மாவுக்காகக் காசு கொடுத்து செபம் வைத்தவனிடம் "அவளுக்காக நீ செய்ய ஒன்றுமில்லை" என்று சட்டம் சொன்னால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஏட்டில் எழுதவில்லை. எழுத இடமும் இல்லை.

1548இல் இன்னும் வேகம். பிப்ரவரி மெழுகுவர்த்தித் திருநாள், சாம்பல் புதன், குருத்தோலை எல்லாம் தடை. மோர்பாத்தில் அந்த வருஷம் தலைமைப் பொறுப்பாளர் ஒரு பெண், லூசி சீலி. ஆடுகள் விற்கப்பட்டன, நிதிகள் கலைக்கப்பட்டன, உடைமைகள் கைமாறின. பின்னாளில் ட்ரிக்கி திரும்பிப் பார்த்து எழுதும்போது, லூசி காலந்தொட்டு கோயிலுக்குள் எதுவும் வரவில்லை, எல்லாம் கோயிலிலிருந்து வெளியேதான் போனது, ராஜா எட்வர்டு சாகும்வரை கோயில் தேய்ந்துகொண்டே வந்தது என்கிறார். லூசியைக் குறைசொல்லும் வரியல்ல அது. காலத்தைக் குறிக்க ஊர்க்காரியின் பெயரைப் பயன்படுத்துகிறார், அவ்வளவுதான்.

எதிர்க்கவில்லையா என்று கேட்டீர்கள். எதிர்த்தார்கள், செத்தார்கள். 1536இல் வடக்கே பல்லாயிரம் பேர் கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் தைத்த கொடியோடு திரண்டார்கள். தலைவன் ராபர்ட் ஆஸ்க் ஒரு வழக்கறிஞர். அரசன் பேச்சுவார்த்தை என்று கலைத்துவிட்டு, மறுவருஷம் தலைவர்களைத் தூக்கிலிட்டான். தெற்கே கலகம் 1549இல். ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறு முதல் நாடு முழுக்க லத்தீன் பூசைக்குப் பதிலாக ஆங்கிலப் பொது ஜெப நூல்தான் என்று சட்டம். மறுநாள் டெவனில் சாம்ஃபர்டு கோர்ட்னி என்ற ஊர் மக்கள், தங்கள் குருவைப் பழைய உடுப்பைப் போடவைத்துப் பழைய பூசையையே செய்யவைத்தார்கள். அங்கே பற்றிக்கொண்டது. பக்கத்து மாவட்டமான கார்ன்வாலில் திரண்டவர்களும் சேர்ந்துகொண்டு எக்ஸிடர் நகரத்தை ஐந்து வாரம் முற்றுகையிட்டார்கள்.

அவர்கள் அனுப்பிய கோரிக்கைப் பட்டியல் இன்றும் இருக்கிறது. புதிய வழிபாடு கிறிஸ்துமஸ் கூத்து மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்கிறார்கள். கார்ன்வால்காரர்கள் சொல்வது இன்னும் கூர்மை: எங்களில் பலருக்கு ஆங்கிலமே தெரியாது, அதனால் இந்த ஆங்கில வழிபாட்டை அறவே மறுக்கிறோம். அவர்கள் பேச்சு கார்னிஷ். "மக்கள் மொழியில் வழிபாடு" என்ற சீர்திருத்த முழக்கம் லண்டனில் விடுதலையாகக் கேட்டது, கார்ன்வாலில் இன்னொரு அந்நிய மொழியாகக் கேட்டது. அதே வருஷம் ஆட்டுக்கும் துணிக்கும் புதிய வரி வேறு. ஆட்டையே நம்பியிருந்த மாவட்டத்தில் அது எப்படி எடுபட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மதக் கலகமா, வரிக் கலகமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மாதாவின் ஆட்டையும் தன் ஆட்டையும் ஒரே மந்தையில் மேய்த்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பான்.

மோர்பாத் கணக்கில் அந்த வருஷம் ஒரு பதிவு. ஊர் இளைஞர்கள் ஐந்து பேர் செயின்ட் டேவிட்ஸ் டவுன் முகாமுக்குப் புறப்பட்டபோது அவர்களுக்குக் கொடுத்த பணம். எக்ஸிடர் மதிலுக்கு வெளியே இருக்கும் மேடு அது. அரசுப் படைக்கு அனுப்பிய ஆட்கள் என்றுதான் முதலில் படித்தார்கள். முகாம் இருந்த இடத்தையும் காலத்தையும் வைத்துப் பார்த்தால் அது முற்றுகையிட்ட கலகக்காரர்களின் முகாம் என்பதே இன்று வலுவாக நிற்கும் வாசிப்பு. அப்படியானால் ஓர் ஊர், பொதுப்பணத்திலிருந்து, ராஜாவுக்கு எதிராகச் சண்டைக்குப் பையன்களை அனுப்பி, அதைச் செலவுக் கணக்கிலும் எழுதிவைத்திருக்கிறது! கலகம் என்று அவர்கள் நினைக்கவே இல்லை, ஊர்க் கடமை என்று நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகஸ்டில் ரஸ்ஸல் பிரபுவின் படை வந்தது. கூலிக்குப் பிடித்த இத்தாலிய, ஜெர்மானிய வீரர்களும் அதில் இருந்தார்கள். மண்வெட்டிக்காரர்களும் வில்லுக்காரர்களும் துப்பாக்கிக்கு முன் எத்தனை நாள் நிற்பார்கள்? ஆயிரக்கணக்கில் செத்தார்கள். எக்ஸிடரை ஒட்டிய செயின்ட் தாமஸ் பங்கின் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்தான் பங்கு) குரு ராபர்ட் வெல்ஷை அவருடைய கோயில் கோபுரத்திலேயே தூக்கில் போட்டார்கள். பூசை உடுப்போடு, தீர்த்தச் செம்பு, மணி, செபமாலை எல்லாம் அவர் உடம்பில் கட்டித் தொங்கவிட்டு. மோர்பாத்திலிருந்து போன ஐந்து பேரில் சிலர் பெயர் அதன்பின் கணக்கில் வருவதில்லை.

அடுத்த நான்கு வருஷம் அந்த ஏடுகளைப் படிப்பது மனதுக்குக் கஷ்டமான வேலை. கடன், பற்றாக்குறை, விற்பனை. கல்பீடம் இடிக்கப்பட்டு மரமேசை வருகிறது. பிறகு 1553இல் மேரி பட்டத்துக்கு வந்ததும் ட்ரிக்கியின் கை மறுபடி உற்சாகமாக எழுதத் தொடங்குகிறது. எங்கிருந்தோ பொருள்கள் திரும்பி வருகின்றன! ஒருவர் வீட்டிலிருந்து பூசை உடுப்பு. இன்னொருவர் வீட்டிலிருந்து மாதா உருவம். வேறு வீடுகளிலிருந்து ஓவியம், பழைய புத்தகங்கள். விற்றோம், அழித்தோம் என்று அதிகாரிகளிடம் சொன்னவற்றில் பலவற்றை ஊர்க்காரர்கள் வைக்கோலிலும் பரணிலும் எங்கெங்கோ ஒளித்துவைத்திருந்தார்கள். யார் என்ன கொடுத்தார்கள் என்று பெயர் சொல்லி எழுதி, நல்ல கத்தோலிக்க ஜனங்களாக நடந்துகொண்டார்கள் என்று மெச்சுகிறார்.

ஐந்து வருஷம்தான். 1558இல் மேரி செத்தாள். எலிசபெத்தின் உத்தரவுகள் வந்தன. மறுபடி மேசை, மறுபடி ஆங்கில நூல். ட்ரிக்கி என்ன செய்தார்? இருந்தார். உத்தரவுக்குப் பணிந்து, புதிய நூலை வைத்துக்கொண்டு, அடுத்த பதினைந்து வருஷம் அதே ஊரில் வழிபாடு நடத்தினார், அதே கையால் கணக்கு எழுதினார்.

சந்தர்ப்பவாதி என்று சிலருக்குப் படும். எனக்கு அப்படிப் படவில்லை. அவர் போயிருந்தால் ஊருக்கு வேறு யாராவது வந்திருப்பார், அந்த 33 குடும்பங்களின் செத்தவர்களை அறியாத ஒருவர். இங்கிலாந்து முழுக்க ஆயிரக்கணக்கான குருக்கள் இப்படித்தான் நிலைத்தார்கள். மதம் மாறியும் முகம் மாறாததால்தான் மாற்றம் நடந்தது என்றுகூடச் சொல்லலாம். இன்னொன்று, அப்போது எதுவும் நிரந்தரம் என்று யாருக்கும் தெரியாது. மூன்று முறை மாறிவிட்டது, நான்காவதும் மாறும் என்று காத்திருந்தவர்கள் ஏராளம். எலிசபெத் அடுத்தவருஷம் செத்திருந்தால் இந்த வரலாறே வேறு. அவள் 1603 வரை உயிரோடிருந்தாள். காத்திருந்தவர்கள் செத்துப்போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பூசை என்பது கேள்விப்பட்ட விஷயம்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு கோயிலுக்கு வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம். கூலிக்காரனுக்கு அது இரண்டு மூன்று நாள் உழைப்பு. வராதவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டியவர்கள் வெளியூர் அதிகாரிகள் அல்ல, ஊர்க்காரர்களே ஆன சர்ச் வார்டன்கள், அதாவது கோயில் பொறுப்பாளர்கள். சத்தியப் பிரமாணம் வேறு. 1581இல் மறுப்போருக்கு அபராதம் மாதத்துக்கு 20 பவுன் என்று ஏறியது. நிலச்சுவான்தாரையே மொட்டையடிக்கும் தொகை. அதனால் பல கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு சாமர்த்தியம் நடந்தது. சொத்து கணவன் பேரில் இருப்பதால் அவன் ஆங்கிலக் கோயிலுக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு வருவான். மனைவி வீட்டிலிருந்து பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பாள், ஒளிந்து வரும் குருவுக்கு இடம் கொடுப்பாள். யார்க் நகரத்துக் கசாப்புக்கடைக்காரர் மனைவி மார்கரெட் கிளிதரோ அப்படித்தான் குருக்களை ஒளித்தார். பிடிபட்டபோது குற்றத்தை ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வழக்கு நடந்தால் பிள்ளைகளையே சாட்சிக்கு இழுப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. வாய் திறக்காதவருக்குச் சட்டம் வைத்திருந்த தண்டனைப்படி, 1586 மார்ச் 25 அன்று அவர்மேல் கதவை வைத்து, அதன்மேல் பாறைகளை ஏற்றிக் கொன்றார்கள். கணவர் சட்டப்படி நடந்த புராட்டஸ்டன்ட்.

சரி, நம்பினார்களா? இரண்டு மூன்று தலைமுறையில், நம்பத்தான் செய்தார்கள். ஆனால் போதகரின் வாதத்தைக் கேட்டு அல்ல என்பது என் அபிப்பிராயம். காதில் விழுந்து விழுந்துதான். கிறிஸ்துமஸ் கூத்து என்று 1549இல் பழிக்கப்பட்ட அதே ஜெப நூலின் வார்த்தைகள் நூறு வருஷத்தில் அந்த மக்களின் நாக்கில் ஊறிவிட்டன. கல்யாணத்திலும் அடக்கத்திலும் வேறு வார்த்தை அவர்களுக்குத் தெரியாது. 1645இல் தீவிர சீர்திருத்தக்காரர்களான பியூரிட்டன்கள் அந்த நூலைத் தடை செய்தபோது, ஜனங்கள் இப்போது அதை ஒளித்துவைத்துப் படித்தார்கள்! அந்த நூலின் தமிழாக்கம் 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளுக்கும் வந்தது. பழைய சி.எஸ்.ஐ. குடும்பங்களில் பாட்டிமார் பாவ அறிக்கையை மனப்பாடமாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதன் மூலம் இதுதான்.

நாள்காட்டியும் மாறியது. புனிதர் திருநாள்கள் போன இடத்தில் புதுத் திருநாள்கள் முளைத்தன. எலிசபெத் பட்டத்துக்கு வந்த நவம்பர் 17க்கு ஊர் ஊராக மணி அடித்தார்கள். 1605இல் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு நவம்பர் 5க்குச் சொக்கப்பானை. பாப்பரசரைத் திட்டிக்கொண்டே நெருப்பைச் சுற்றி ஆடுகிறவனுக்கு இறையியல் தேவையில்லை, அவன் புராட்டஸ்டன்ட்தான்.

ஏழைகள் பாடு வேறு மாதிரிப் போனது. முன்பு பிச்சை கேட்டு வருகிறவருக்குக் கொடுப்பது புண்ணியம், கொடுத்தவரின் ஆன்மாவுக்கு அவர் செபம் சொல்வார். மடங்களின் வாசலிலும் கஞ்சி கிடைத்தது. மடங்கள் 1536க்கும் 1540க்கும் இடையில் மொத்தமாக மூடப்பட்டன. ஏழையின் செபத்துக்கும் மதிப்பில்லாமல் போனது. பிறகு 1598, 1601 சட்டங்கள் ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளுக்கு வரி வசூலித்துப் படியளக்க வேண்டும் என்றன. பட்டினிச் சாவைத் தடுத்ததில் அது பெரிய சாதனை. ஆனால் கர்ப்பிணியாக வரும் வெளியூர்ப் பெண்ணைப் பிரசவத்துக்கு முன் எல்லை தாண்டித் துரத்தியதும் அதே சட்டத்தின் கணக்குதான், குழந்தை இங்கே பிறந்தால் செலவு நம் தலையில். சூனியக்காரி வழக்குகளில் அடிக்கடி வரும் கதையையும் இதோடு சேர்த்துப் படிக்கிறார்கள்: கிழவி வந்து கொஞ்சம் பாலோ வெண்ணெயோ கேட்டாள், நான் இல்லை என்றேன், முணுமுணுத்துக்கொண்டே போனாள், கன்று செத்தது. மறுத்தவன் மனதில் உறுத்தல் இருந்தது, அதைக் கிழவிமேல் ஏற்றினான் என்பது விளக்கம். கிழக்கு இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்ட வழக்குகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 1566இல் செம்ஸ்ஃபர்டில் தூக்கிலிடப்பட்ட ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் மீதான குற்றச்சாட்டில் சாத்தான் என்ற பெயருள்ள ஒரு பூனைக்குத்தான் முக்கிய வேஷம்.

மறுபடி மோர்பாத்துக்கு. ட்ரிக்கியின் கணக்கு 1573 வரை ஓடுகிறது, மறுவருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் வாங்கிக் கொடுத்த சிட்வெல் சுரூபம் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது, அவளுக்கு விளக்கு எரிந்த இடமும் போய்விட்டது. கிராம்வெல் வரிக்காகத்தான் எழுதச் சொல்கிறார் என்று ஜனங்கள் பயந்தார்களே, அந்த ஞானஸ்நானப் பதிவேடு, அது மட்டும் நின்றது. டெவன் ஊர்களின் பதிவேடுகளைப் புரட்டினால், புராட்டஸ்டன்ட் போதகரின் கையெழுத்தில், அடுத்த நூற்றாண்டிலும் பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயராக அவ்வப்போது வருகிறது: சிட்வெல்.